எந்த ஊர் ராட்டினக் காசு இது?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் கைப்பிடி போன குக்கர்களுக்கும் நடுவே ஒருவர் சாக்கு விரித்து, ஐஸ்கிரீம் டப்பா நிறையக் காசு வைத்திருந்தார். கிளறியதில் பித்தளையில் ஒன்று தனியாகத் தெரிந்தது. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் 417 என்று எண். ஓரத்தில் ஒரு துளை.

"அது சர்க்கஸ் காசு சார். இருபது ரூபா குடுத்துட்டு எடுத்துக்கோங்க."

குதிரையின் முதுகிலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு போனது. குடை ராட்டினத்துக் குதிரையில் கம்பி நிற்குமே, அப்படி. சர்க்கஸும் இல்லை, ஒன்றும் இல்லை, இது ஏதோ கேளிக்கைப் பூங்காவின் டோக்கன் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் மின்சார ரயிலிலேயே படம் எடுத்து இணையத்தில் தேடினேன். நூறு பித்தளை வட்டங்கள் வந்தன. எதுவும் என்னுடையது இல்லை.

புதிதாக டோக்கன் சேர்ப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம். பெயரைத் தேடுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை, அந்தக் குதிரையையே வைத்துச் சொல்கிறேன்.

தேய்க்காதீர்கள்

புளி, எலுமிச்சை, விபூதி, பீதாம்பரி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது, டோக்கனுக்கு எமன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு டோக்கன் இருந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் சிவப்புப் பெயின்ட் மிச்சம் ஒட்டியிருந்தது. பூங்காக்காரர்கள் ராட்டினத்துக்கு ஒரு நிறம், விலைக்கு ஒரு நிறம் என்று பூசுவது உண்டு என்பதால் அந்தப் பெயின்ட் முக்கியமான தடயம். அம்மா ஆசையாகப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து கையில் கொடுத்தார். என்ன சொல்ல முடியும்? நன்றி சொன்னேன்.

மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும். பச்சைக் களிம்பு இருந்தால் இருக்கட்டும்.

உறையில் எழுதுங்கள்

உலோகமும் எழுத்தும் எங்கேயும் ஓடிவிடாது. எங்கே, யாரிடம், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பது மட்டும் ஒரே வாரத்தில் மறந்துபோகும். எனவே வாங்கிய அன்றே ஒரு காகித உறையில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

"எதோடு சேர்ந்து" என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விற்பவரிடம் "இந்த டப்பா எந்த வீட்டிலேர்ந்து வந்துதுண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் முகவரி சொல்ல மாட்டார், அது நமக்கு வேண்டியதும் இல்லை. "மண்ணடிப் பக்கம் ஒரு பழைய வீடு, கப்பல்ல வேலை பாத்த பெரியவர்" என்ற அளவு சொன்னாலே பெரிய உதவி. சென்னை துறைமுக ஊர். கப்பலில் போனவர்கள், சிங்கப்பூர் மலேசியா போய்வந்தவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேருடைய சட்டைப்பையிலிருந்து விழுந்த சில்லறை இங்கே சந்தைக்கு வருகிறது. நான் கிளறிய டப்பாவில் அந்தக் குதிரையோடு கங்காரு போட்ட இரண்டு ஆஸ்திரேலியப் பென்னிகள் கிடந்தன. ஆஸ்திரேலியா 1966-இல் டாலருக்கு மாறியதோடு பென்னிக்கு வேலை போய்விட்டது. அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை. உறையில் மட்டும் எழுதி வைத்தேன்.

அளவு, எடை, காந்தம்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். இவ்வளவுதான் சாமான். காலிப்பர் இல்லையென்றால் நம் காசுகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1992-இல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 25 மி.மீ. குறுக்களவு, 4.85 கிராம். இரண்டு உலோகப் பத்து ரூபாய் 27 மி.மீ., 7.71 கிராம். 1975 முதல் 1982 வரை வந்த பெரிய ஒரு ரூபாய் 28 மி.மீ., 8 கிராம்.

என் குதிரை 28 மி.மீ., 8.1 கிராம். பழைய ஒரு ரூபாயின் ஜோடி! அப்படியானால் இந்திய டோக்கன்தான் என்று துள்ளினேன். அது அவசரம். இந்த அளவுகளெல்லாம் உலகெங்கும் சகஜம். அமெரிக்க விளையாட்டு இயந்திரங்களில் பல கால் டாலர் காசுக்கென்று துளை வைத்தவை. அந்தக் காசு 24.26 மி.மீ., 5.67 கிராம் என்பதால் அங்கே டோக்கன்களும் அதை ஒட்டியே இருக்கும். ஜப்பானின் பாச்சிஸ்லாட் என்ற சூதாட்ட இயந்திரத்தில் போடும் வில்லை 25 மி.மீ. அளவு பொருந்தாவிட்டால் ஒரு ஊரை விலக்கலாம். பொருந்துகிறது என்பதற்காக அந்த ஊர்தான் என்று சொல்லிவிட முடியாது.

காந்தத்தை வையுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம், செம்பு நிக்கல் கலவை இவை ஒட்டாது. பித்தளை நிறத்தில் இருந்தும் ஒட்டினால் உள்ளே இரும்பு, வெளியே பூச்சு மட்டும்.

உள்ளே என்ன உலோகம் என்று இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? பள்ளிக்கூடத்து ஆர்க்கிமிடீஸைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். டோக்கனைத் தையல் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விரட்டுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் டோக்கனின் கன அளவு, கன சென்டிமீட்டரில். டோக்கனின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. எனக்கு 0.95 காட்டியது. 8.1-ஐ 0.95-ஆல் வகுத்தால் சுமார் 8.5, அதாவது பித்தளை. அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, இரும்பு வகைகள் எட்டுக்குச் சற்றுக் கீழே, செம்பு 9-ஐ ஒட்டி, ஈயம் 11-க்கு மேல். ஒரு முறை செய்தால் கை நடுங்கும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இதில் எனக்கு ஒரு தனி சுகம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரிந்த டோக்கனைக்கூட நனைத்துப் பார்ப்பேன்.

இது உண்மையிலேயே கேளிக்கைப் பூங்காதானா?

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நம் ஊரில் டோக்கன் இல்லாத இடம் ஏது? வங்கியில் பணம் வாங்கக் காத்திருந்தபோது கொடுத்த பித்தளை வில்லை, சைக்கிள் ஸ்டாண்டு, கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடம், மில் கேன்டீன், தேயிலைத் தோட்டம், பால் பூத் என்று எல்லா இடத்திலும் ஒரு வட்டம் கைமாறியது. 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோகூட பிளாஸ்டிக் டோக்கனோடுதான் வந்தது.

பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு டோக்கனும் ஒன்றுபோல இருக்க வேண்டுமா, வேறுவேறாக இருக்க வேண்டுமா? ராட்டினம் ஏற்றுகிறவருக்கு உங்கள் கையில் எந்த டோக்கன் இருந்தால் என்ன, ஒரு சுற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். எனவே அவருடைய டோக்கன்கள் எல்லாம் ஒரே அச்சு. சைக்கிள் ஸ்டாண்டுக்காரருக்கு அப்படி முடியாது. உங்கள் சைக்கிளை உங்களிடமே கொடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு எண் வேண்டும், ஆணியில் மாட்ட ஒரு துளையும் வேண்டும். தனி எண்ணும் ஓரத் துளையும் இருந்தால் அது அடையாள வில்லை. டோக்கனின் முகத்தில் நீளவாக்கில் ஒன்றிரண்டு வரிப்பள்ளம் ஓடினால் அது மனிதர் கையில் வாங்கியது இல்லை, இயந்திரத் துளையில் விழுந்தது. வேறு வில்லையைப் போட்டு ஏமாற்றாமல் இருக்க அந்தப் பள்ளம். தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடைகளில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு விரல் நுனியிலேயே இது நினைவிருக்கும்.

பெரிய பூங்காக்களில் நுழைவுச் சீட்டிலேயே ராட்டினங்களெல்லாம் அடங்கிவிடுவது வழக்கம் என்பதால், அங்கிருந்து வரும் உலோக டோக்கன் பெரும்பாலும் விளையாட்டு இயந்திரக் கூடத்தைச் சேர்ந்தது. ராட்டினத்துக்கே டோக்கன் என்றால் பழைய காலம், அல்லது தனித்தனியாகக் காசு வாங்கும் இடம். தீவுத்திடல் பொருட்காட்சியில் டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே ராட்டினத்துக்குத் தனியாகக் காசு கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

சரி, என் குதிரையில் எண் இருக்கிறது, துளையும் இருக்கிறது. அப்படியானால் ராட்டினம் இல்லையா? முகம் வாடிப்போய் லென்ஸை எடுத்தேன்.

லென்ஸுக்கு அடியில்

முதலில் அந்தக் கம்பி. கீறல் என்றால் உலோகத்துக்குள் பள்ளமாக இறங்கியிருக்கும். இது மேடாக எழும்பி நின்றது. மேடாக இருந்தால் அச்சிலேயே இருந்தது என்று அர்த்தம். ஆகவே கம்பி கம்பிதான், குதிரை ராட்டினக் குதிரைதான்.

பிறகு 417. மூன்று இலக்கமும் ஒரே கோட்டில் இல்லை. 1 சற்றுச் சாய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக உளி வைத்துச் சுத்தியலால் அடித்த எண். திருப்பிப் பார்த்தால் அதற்கு நேர் பின்னால் குதிரையின் கழுத்து நசுங்கியிருந்தது. அதாவது குதிரை முதலில், எண் அப்புறம். துளையைப் பார்த்தேன். குதிரையைச் சுற்றி ஆங்கில எழுத்தில் ஓடிய வாசகத்தின் முதல் எழுத்தையே துளை தின்றிருந்தது. டோக்கனை வடிவமைத்தவர் தன் பெயரிலேயே ஓட்டை போட மாட்டார். துளையும் பிற்பாடு வந்ததுதான்.

ஆக இந்த வில்லைக்கு இரண்டு வாழ்க்கை. எங்கேயோ குடை ராட்டினம் ஏற்றியது, பிறகு யாரோ ஒருவர் துளை போட்டு, எண் அடித்து, சைக்கிளுக்கோ செருப்புக்கோ காவல் வைத்திருக்கிறார். இப்படி மறுவேலைக்குப் போன டோக்கன்கள் காயலான் கடைகளில் நிறையக் கிடைக்கும். முகத்தில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் ஒரே ஆள் செய்ததாக எண்ணிவிடாதீர்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க இரண்டு வழி. இருட்டில் செல்போன் டார்ச்சை டோக்கனின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்து மெல்லச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். இன்னொன்று, சின்ன வயதில் நோட்டுக்குள் காசை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். மெல்லிய காகிதம், மிருதுவான பென்சில். எண் அடித்த பக்கத்தில் 417-க்கு அடியில் ஆங்கிலத்தில் 'ரைடு' என்ற சொல் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தபோது ராத்திரி பதினொரு மணி. வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை, சொல்லவும் ஆளில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'ரைடு' என்றால் பூங்கா என்று துள்ள வேண்டாம், பேருந்து, டிராம் டோக்கனிலும் அந்தச் சொல் வரும். பயணக் கட்டணம் என்ற பொருளில் 'ஃபேர்' என்றிருந்தால் பெரும்பாலும் போக்குவரத்துதான். 'நோ கேஷ் வேல்யூ' என்றிருந்தால் விளையாட்டு இயந்திரக் கூடம், பெரும்பாலும் அமெரிக்கப் பாணி.

லென்ஸ் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். டோக்கனை மேலும் கீழும் இரு விரலால் பிடித்து, கதவைத் திருப்புவதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கம் நேராக நின்றால் நம் ரூபாய்க் காசின் முறை. தலைகீழாக நின்றால் அமெரிக்கக் காசின் முறை. தனியாக இது எதையும் நிரூபிக்காது, மற்ற தடயங்களோடு சேர்த்து எடை போடலாம்.

காலத்தைப் பிடிப்பது

டோக்கனில் ஆண்டு இருப்பது அபூர்வம். எழுத்தும் விலையும்தான் கைகொடுக்கும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அடித்ததாகக் கொள்ளலாம். 'நயா பைசா' என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். ₹ குறி இருந்தால் 2010-க்குப் பின். பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின், அமெரிக்க ஜிப் எண் இருந்தால் 1963-க்குப் பின். 'மெட்ராஸ்' என்றிருந்தால் 1996-க்கு முன் என்று தோன்றும், ஆனால் பழக்கத்தை விடாதவர்கள் பிறகும் அப்படியே எழுதினார்கள். தமிழ் எழுத்து இருந்தால் லை, னை, ணா, றா போன்றவற்றின் வடிவத்தைப் பாருங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. தும்பிக்கை வைத்த பழைய லையும் னையும் இருந்தால் அச்சு பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் மாறிய பூங்காவும் மூடிப்போன பூங்காவும் நல்ல தடயம். கொச்சியில் 2000-இல் தொடங்கிய வீகாலேண்டு பிற்பாடு வொண்டர்லா ஆகிவிட்டது. டெல்லியின் அப்பு கர் 1984-இல் திறந்து 2008-இல் மூடியது. இப்படிப்பட்ட பெயர் டோக்கனில் இருந்தால் காலம் தானாகவே ஒரு வேலிக்குள் வந்துவிடும்.

இப்போது பெயர்

துளை தின்றதுபோக என் டோக்கனில் மிஞ்சியது 'ஊனா பார்க்'. குஜராத்தில் ஊனா என்று ஓர் ஊர் உண்டு, இமாசலத்தில் இன்னொன்று. அங்கே எந்தக் காலத்திலாவது ராட்டினம் சுற்றியதா என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது: துளைக்குள் போனது எல். அது லூனா பார்க்!

மகிழ்ச்சி ஒரு காபி குடிக்கும் நேரம்தான் நின்றது. லூனா பார்க் என்ற பெயரில் முதலில் புகழ்பெற்றது நியூயார்க்கின் கோனி தீவில் தாம்சன், டண்டி என்ற இருவர் 1903-இல் திறந்தது. 1944-இல் தீப்பிடித்து அதன் கதை முடிந்தது. அதற்குள் பெயர் உலகமெல்லாம் பரவிவிட்டது. பிட்ஸ்பர்க்கிலும் கிளீவ்லாந்திலும் 1905-இல், மெல்பர்னில் 1912-இல், சிட்னியில் 1935-இல். இத்தாலி, துருக்கி போன்ற நாடுகளில் 'லூனா பார்க்' என்பது ஒரு பூங்காவின் பெயரே இல்லை, பொருட்காட்சித் திடலைக் குறிக்கும் பொதுச்சொல். நம் ஊரில் 'அம்மன் மெஸ்' என்று மட்டும் எழுதிய ஒரு டோக்கனைக் கொடுத்து எந்த மெஸ் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இந்தக் கட்டத்தில்தான் உறையை எடுத்தேன். இரண்டு கங்காருப் பென்னிகள். டப்பாவின் பழைய சொந்தக்காரர் ஆஸ்திரேலியக் கரையைத் தொட்டவராக இருந்தால் மெல்பர்னோ சிட்னியோ முன்னுக்கு வருகிறது. சொந்தக்காரர் வெறுமனே காசு சேர்ப்பவராக இருந்தால் இந்த வாதம் செத்தது. 'வாய்ப்பு' என்று மட்டும் உறையில் எழுதினேன்.

ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் நம்பித் தேடாதீர்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1835-இலிருந்து இருக்கும் ஆஸ்போர்ன் போன்ற டோக்கன் அச்சகங்கள் நட்சத்திரம், கழுகு மாதிரியான பொது அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பல வாடிக்கையாளருக்கும் பயன்படுத்துவது உண்டு. ஒரு பக்கம் அச்சகத்தைக் காட்டும், மறுபக்கம்தான் பூங்காவைக் காட்டும்.

யாரிடம் கேட்பது

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. டோக்கனுக்காக இல்லாவிட்டாலும், கண்ணைப் பழக்க ஒரு நாள் போய்வாருங்கள். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்களும், அவ்வப்போது நடக்கும் நாணயக் கண்காட்சிகளும் இன்னும் பயன்படும். அங்கே வரும் பெரியவர்களிடம் "இது என்னங்கய்யா?" என்று வெறுமனே நீட்டாமல், குறுக்களவு, எடை, அடர்த்தி, விளிம்பு பல்லாக இருக்கிறதா வழவழப்பா, இரு பக்கப் படம், கிடைத்த இடம் எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கமும், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று மறுபக்கமும் போட்ட காசை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளையும் அப்படியே விடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021-இல் இதுபற்றி எச்சரித்தது.

பத்திரப்படுத்த விலை மலிந்த பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். சில வகை பிளாஸ்டிக் நாளடைவில் பச்சைப் பிசினாகக் கசிந்து பித்தளையைக் கெடுக்கும், நம் கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். காகித உறை, மூடிய டப்பா, உள்ளே மருந்துப் புட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு.

என் குதிரை இப்போது அப்படி ஒரு உறையில் இருக்கிறது. மேலே எழுதியிருப்பது: "பித்தளை, 28 மி.மீ., 8.1 கி. லூனா பார்க், மெல்பர்ன் அல்லது சிட்னி வாய்ப்பு. துளையும் 417-உம் பிற்பாடு, சென்னையாக இருக்கலாம். பல்லாவரம், 20 ரூ." அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஆளிடம் போய், அந்தப் பென்னிகள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அன்னிக்கே எடைக்குப் போட்டாச்சு சார்."

நீங்கள் டப்பாவைப் பார்த்தால் கூடக் கிடப்பதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.